ஆத்தங்குடிக் கல் வாங்கும் முன் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் வீடு கட்டித் தரைக்கு ஆத்தங்குடிக் கல் (பூ வேலை செய்த தரை ஓடு) போடுகிறவர்கள் செய்யும் தவறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சையில் செய்யும் தவறும் பாதிக்கு மேல் ஒன்றுதான்: நீளத்தையும் பரப்பளவையும் போட்டுக் குழப்புவது.

அடிக்கு 12 அங்குலம், அதனால் சதுர அடிக்கும் 12 சதுர அங்குலம் என்று கை தானாக எழுதிவிடும். 12-ஐ 12-ஆல் பெருக்க வேண்டும், 144. அதே மாதிரி, அறையைப் போல நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு இருக்கிற ஹாலுக்கு இரண்டு மடங்கு கல் சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆகப்போவது நான்கு மடங்கு.

இன்னொன்று பார்டர். 12 அடிக்கு 10 அடி அறை, எட்டங்குலக் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் 18, அகலவாக்கில் 15, மொத்தம் 270 கல். சுற்றி ஓடும் வரிசைக்கு எத்தனை என்று கேட்டால் 18, 15, 18, 15 கூட்டி 66 என்பார்கள். மூலையில் இருக்கும் கல் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் நான்கையும் இரண்டு முறை எண்ணியாகிவிட்டது, சரியான விடை 62. அதிலும் மூலைக் கல்லின் பூ வேறு, பார்டர் கல்லின் பூ வேறு, ஆகவே 4 மூலை, 58 பார்டர், நடுவில் 16 பெருக்கல் 13, அதாவது 208. கூட்டிப் பாருங்கள், 270 வரும். கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கையால் வண்ணம் ஊற்றிச் செய்கிற கல் இது, குறைந்தால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த தடவை அதே நிறம் அமையும் என்று நம்ப முடியாது.

எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்தால் அறை செவ்வகம் என்று முடிவு கட்டாதீர்கள், சாய்ந்த இணைகரத்துக்கும் அப்படித்தான் இருக்கும். மூலைவிட்டம் இரண்டையும் டேப் பிடித்துப் பாருங்கள். சுவர்களும் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்றால்தான் செவ்வகம். மூலைவிட்டம் மட்டும் சமமாக இருந்தால் போதாது, ஒரு பக்கம் குறுகிய சரிவகத்திலும் அவை சமமாக வரலாம். ஒரே ஒரு மூலையைச் சோதிக்கக் கொத்தனார்களின் 3, 4, 5 கணக்கு போதும்: ஒரு சுவரில் 3 அடி, அடுத்ததில் 4 அடி குறித்தால் குறுக்கே சரியாக 5 அடி வர வேண்டும். பிதாகரஸ் தேற்றம் செங்கோணம் இருந்தால் மட்டுமே செல்லும் என்பதைத்தான் பிள்ளைகள் மறந்துவிட்டு எந்த முக்கோணத்தைக் கண்டாலும் வர்க்கம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

முகப்பில் நிற்கும் தேக்குத் தூணைக் கயிற்றால் சுற்றி அளந்தால் கிடைப்பது சுற்றளவு. 44 அங்குலம் வந்தால் விட்டம் ஏறக்குறைய 14, ஆரம் 7. பரப்பளவுக்கு ஆரத்தின் வர்க்கம் போட வேண்டிய இடத்தில் 14-ஐப் போட்டால் விடை நான்கு மடங்காகிவிடும். 22/7 என்பதும் பை (π) என்பதன் சரியான மதிப்பு இல்லை, அதைவிடக் கொஞ்சம் அதிகம். தூணுக்கு அது போதும்.

சதவீதத்தில் ஒன்றே ஒன்று. கண்டாங்கிச் சேலைக்கு 20 சதவீதம் விலையை ஏற்றி அப்புறம் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பழைய விலை வராது, 1000 ரூபாய்ச் சேலை 1200-க்குப் போய் 960-க்கு இறங்கும்.