பேயத்தியைப் பறித்துவிட்டு அத்தி என்று சொல்லாதீர்கள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு பக்கம் கோதையாற்றங்கரையில் அத்தியும் நிற்கும், பேயத்தியும் நிற்கும். இரண்டுமே அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்ப்பதால் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். காயை விடுங்கள், முதலில் இலையைத் தடவிப் பாருங்கள். அத்தியிலை வழவழப்பாக இருக்கும், கொம்பில் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வரும். பேயத்தியிலை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், எதிரெதிரே ஜோடியாக நிற்கும், காயிலும் சுணை இருக்கும், பழுத்தாலும் மஞ்சளாகத்தான் ஆகும், அத்திப்பழம்போலச் சிவக்காது. அத்தியிலையில் பூச்சியால் வந்த முண்டுகள் சிலசமயம் இருக்கும், அதைச் சொரசொரப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பேயத்திக்கும் மருந்துக் குணம் உண்டுதான், ஆனால் அது வாந்தியையும் பேதியையும் கிளப்பும். வயிற்றுப்போக்கை நிறுத்த அத்திப்பிஞ்சு தேடிப் போனவர் இதைத் தின்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், பழத்துக்குள் பூச்சியைப் பார்த்ததும் மரத்துக்கு மருந்தடிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நாம் காய் என்று சொல்வது பூக்களை உள்ளே மூடிவைத்திருக்கும் ஒரு பை. நுனியில் இருக்கிற துளை வழியாகச் சின்னஞ்சிறு குளவி நுழைந்து மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். அது வராவிட்டால் காய் பெரும்பாலும் பழுக்காமலே உதிர்ந்துவிடும். சாப்பிடுகிறவர்கள் பழத்தைப் பிட்டு, தட்டிவிட்டு, கழுவிக்கொண்டால் போதும்.

நம் ஊரில் அத்தி, இத்தி, ஆல், அரசு நான்கும் சேர்ந்த நால்பாமரப்பட்டைக்கு மவுசு அதிகம். புண் கழுவ, குழந்தையைக் குளிப்பாட்ட என்று வெந்நீரில் போடுவார்கள். பட்டை எடுக்கும்போது அடிமரத்தைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். ஒரு பக்கம் கொஞ்சமாக, அதுவும் கிளையில் எடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு அத்திப்பட்டைக் கஷாயம் குடிப்பவர்கள் உண்டு, ஆனால் அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டே குடியுங்கள், சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம்.

கடைகளில் தட்டையாக நசுக்கி மாலைபோலக் கோத்து விற்கும் உலர்பழம் சீமையத்தி, மரமே வேறு. நாட்டு அத்தியின் பட்டையும் பிஞ்சும் துவர்ப்பு, வயிற்றைக் கட்டும். உலர்ந்த சீமையத்தி மலத்தை இளக்கும். மலச்சிக்கல்காரர் பட்டைக் கஷாயம் குடிப்பதும், வயிற்றுப்போக்கு உள்ளவர் உலர்பழம் தின்பதும் நோயைக் கூட்டத்தான் செய்யும்.