பிஎச்.டி. முடித்துவிட்டு பயோடெக் கம்பெனிக்குப் போவது எப்படி?

களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்த்தான் திருவனந்தபுரத்தில் பிஎச்.டி. முடித்தேன். கம்பெனிகளுக்கு முதலில் அனுப்பிய பயோடேட்டா ஆறு பக்கம். பாதி கட்டுரைப் பட்டியல். ஒருவரும் கூப்பிடவில்லை. நீங்கள் இரண்டு பக்கத்தில் நிறுத்துங்கள். எச்பிஎல்சி, எலிசா, செல் கல்ச்சர் என்று கை பழகிய ஆய்வக முறைகளை முதலில் எழுதுங்கள்.

அப்புறம் ஜிஎம்பி, அதாவது மருந்து தயாரிப்பில் தரம் காக்கும் விதிமுறைகளைப் படியுங்கள். இதுதான் முக்கியம். ஆய்வக நோட்டில் தப்பைக் கிறுக்கி மறைத்துவிடுவோம். கம்பெனியில் அது கூடாது. பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி, காரணம். எழுதி வைக்காத வேலை செய்யாத வேலைக்குச் சமம். இன்றே உங்கள் நோட்டில் பழகுங்கள். நேர்முகத்தில் என்னிடம் அரை மணி நேரம் இதைத்தான் கேட்டார்கள்.

சரி, எங்கே தேடுவது? ஹைதராபாத்தில் ஜீனோம் வேலி என்ற பயோடெக் தொழில் வட்டாரத்தில் தடுப்பூசிக் கம்பெனிகள் இருக்கின்றன. ஆராய்ச்சிப் பிரிவுதான் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். தரக்கட்டுப்பாட்டில் இடம் கிடைத்தாலும் சேருங்கள்.