இருட்டைக் கண்டு பயப்படாதீர்கள்: பாழடைந்த கட்டடங்களுக்குள் படமெடுக்கும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷியரி என்றொரு பழைய சிறை. 1829-இல் திறந்தார்கள், 1971-இல் மூடினார்கள். ஆளில்லாமல் கிடந்த வருடங்களில் உள்ளேயே மரம் வளர்ந்துவிட்டது. 1994-இலிருந்து பார்வையாளர்களை விடுகிறார்கள். பெயின்ட் உரிந்த சுவர்களில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். குறைந்த வெளிச்சத்தில் படமெடுக்கப் பழக இது அருமையான இடம். தனிமைச் சிறைக்காகக் கட்டியதால், அறைக்கு வெளிச்சம் கூரையிலுள்ள ஒரு சின்னத் திறப்பு வழியாகத்தான் இறங்கும். அதற்குக் 'கடவுளின் கண்' என்று பெயர். அந்தக் கண் பளீரென்று இருக்கும், மூலைகள் மையிருட்டாகக் கிடக்கும்.

இந்த இடத்தில் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ மோடை நம்புவதுதான் முதல் தவறு. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கும். இருட்டறையைக் காட்டினால் மப்பும் மந்தாரமுமான மதியம் மாதிரி எடுத்துத் தரும். கூரைத் திறப்போ வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். முழுக்க வெளிறிய இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிழலில் ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கிளறினால் ஏதாவது தேறும். அதனால் மேனுவலுக்கு மாறி, வெளிச்சமான பகுதி வெளிறாதபடி எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) வையுங்கள். வித்தியாசம் மிக அதிகமென்றால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) இடைவெளியில் ஐந்து படம் எடுத்து, பிறகு இணைக்கலாம். மாற்ற வேண்டியது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும். லென்ஸின் திறப்பான அபர்ச்சரை மாற்றினால் ஃபோகஸ் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது.

கேமரா திரையை நம்புவதும் ஆபத்து. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது ஜெகஜ்ஜோதியாகத் தெரியும். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் ஒரே கறுப்பு. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

ட்ரைபாட் இல்லாமல் போவதன் விலையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எஃப் 8 (அபர்ச்சர் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100-இல் 8 நொடி தேவைப்படும் அறையில் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றினாலும் 1/8 நொடிதான் கிடைக்கும். அதைக் கையில் பிடித்து எடுத்தால் பெரும்பாலும் ஆடும். ட்ரைபாடுக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் சுவரில் தோளைச் சாய்த்துத் தொடர்ச்சியாக நாலைந்து எடுத்தால் ஒன்றாவது தேறும். ட்ரைபாடில் வைத்த பிறகும் விரலால் ஷட்டரை அமுக்கி ஆட்டுகிறவர்கள் நிறைய. இரண்டு நொடி டைமர் எதற்கு இருக்கிறது? பழைய மரத்தளம் என்றால் எக்ஸ்போஷர் முடியும்வரை காலைக்கூட நகர்த்தாதீர்கள்.

ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும். உரிந்து நிற்கும் பெயின்ட் விளிம்பில் டார்ச் அடித்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் ஃபோகஸ் செய்துவிட்டு டார்ச்சை அணையுங்கள்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடித்தால் சுவரின் சொரசொரப்பு மறைந்து, காற்றிலிருக்கும் தூசிதான் வெள்ளைப் புள்ளிகளாகப் பதியும். கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்றால் நீண்ட எக்ஸ்போஷரில் பக்கவாட்டிலிருந்து டார்ச்சை மெதுவாக ஓட்டுங்கள்.

எடுத்த ஐந்து படங்களையும் இணைக்கும்போது நிழலையெல்லாம் தூக்கிவிடும் ஆசை வரும். நானும் அப்படிச் செய்து, சிறையறையைக் கல்யாண மண்டபமாக்கியவன்தான். மூலை கறுப்பாகவே இருக்கட்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கட்டடங்களின் பழைய பெயின்டில் ஈயமும் குழாய் உறைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்க வாய்ப்பு அதிகம். துணி மாஸ்க் இதற்கு உதவாது, நுண்துகள் வடிகட்டும் ரெஸ்பிரேட்டர் வேண்டும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் நடக்காதீர்கள்; உளுத்த தளம் பார்வைக்கு நல்ல தளம் மாதிரியேதான் இருக்கும். கேமராவுக்குள் தூசி போகாமலிருக்க, லென்ஸ் மாற்றுவதை வெளியே, காருக்குள் முடித்துவிட்டு உள்ளே போங்கள்.