சபைக்குக் கடிதம் எழுதுவது எப்படி: ஆட்கள் வந்து பார்க்கும்படி

மட்டக்களப்பு நகரில் போட்டோக்கொப்பியும் தட்டச்சும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் வழியில் கடைக்குள் ஏறி, "தம்பி, சபைக்கு ஒரு கடிதம் அடிச்சுத் தாங்க" என்பார்கள். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எல்லாமே அவர்களுக்குச் சபைதான். வடிகான் அடைப்பு, எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, மழைக்குள் கால் வைக்க முடியாத ஒழுங்கை, இரவில் வீதியில் படுத்துக் கிடக்கிற கட்டாக்காலி மாடுகள். அடித்துக் கொடுத்த கடிதத்துக்கு ஆள் வந்ததா, இல்லை அலுவலகக் கோவைக்குள்ளேயே கிடந்துவிட்டதா என்று பிறகு அவர்களே வந்து சொல்வார்கள். அதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குத் தெளிவான ஒன்று உண்டு: கடிதத்தைக் கையில் எடுக்கிற உத்தியோகத்தர், யாரிடமும் வழி கேட்காமல் அந்த இடத்தில் போய் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இடமும் வேலையும் சரியாகச் சொல்லப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

யாருடைய வேலை என்று முதலில் பாருங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 12 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன: மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், மற்றவை 9 பிரதேச சபைகள். கல்லடிப் பாலத்தைத் தாண்டி கல்முனைப் பக்கம் போகிற வீதியில் கல்லடி, நாவற்குடா எல்லாம் மாநகர சபைக்குள் வரும். அதற்கு அங்கால் காத்தான்குடி நகர சபை. அதையும் தாண்டினால் ஆரையம்பதி, அது மண்முனைப்பற்றுப் பிரதேச சபை. பஸ்ஸில் இருப்பவருக்கு எல்லை எங்கே மாறியது என்றே தெரியாது. எல்லையோரம் குடியிருப்பவர்கள், வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டுகிற சோலை வரியின் பற்றுச்சீட்டை எடுத்து, அதில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

ஆனால் அந்தப் பெரிய வீதி எந்தச் சபைக்கும் உரியதல்ல. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. அதற்குக் கீழே உள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பெரும்பாலும் சபைக்குரியவை. பிரதான வீதியில் விழுந்த குழிக்குச் சபைக்கு எழுதினால், 'உரிய திணைக்களத்துக்கு அனுப்பி வைக்கப்படுகிறது' என்று பதில் வர ஒரு மாதம் போய்விடும்.

தெருவிளக்கின் குமிழ் சபையின் வேலை. அறுந்து தொங்கும் கம்பி மின்சாரம் வழங்குகிற நிறுவனத்தினுடையது, அதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே தொலைபேசி எடுங்கள். குழாய் வெடித்துத் தண்ணீர் ஓடினால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, இலக்கம் 1939. நுளம்பு பெருகுகிற வளவைப் பற்றியென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். வதிவிடச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தர். வியாபாரப் பெயர் பதிவுக்குப் பிரதேச செயலகம், நகரத்தவர்களுக்கு அது மண்முனை வடக்கு. அதே கடைக்கு வியாபார அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கோ சபைக்குத்தான் போக வேண்டும். பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென்று நினைத்து வெயிலுக்குள் அலைகிற வயதானவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது. அதனால்தான் கடிதம் அடிக்க முதலே இதைக் கேட்டுவிடுவேன்.

கடிதம்

வாவிக்கரையோர ஒழுங்கை ஒன்றிலிருந்து ஒரு அக்கா, யாரோ எழுதிக் கொடுத்த தாளோடு வந்தார். 'எமது பகுதி மக்கள் வடிகான் வசதியின்றிச் சொல்லொணாத் துன்பங்களை அனுபவித்து வருகின்றனர்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். வாசித்தால் பாவமாக இருந்தது, ஆனால் எந்த ஒழுங்கை என்று எங்கேயும் இல்லை.

"அக்கா, தண்ணி எங்க இருந்து வருது, எங்க நிக்குது?" என்று கேட்டேன்.

"மேல் வீதியில இருந்து வந்து நம்மட வாசலுக்கு முன்னால மதகடியில நிண்டிரும் தம்பி. மதகுக்குள்ள மண்ணும் இளநீர்க் கோம்பையும் போத்தலும்தான்."

"மதகுக்கு அங்கால கான் எப்படி?"

"அங்கால நல்லாத்தான் இருக்கு. இஞ்சால கொஞ்சத் தூரம் மண் நிறைஞ்சு போச்சு."

அவ்வளவுதான் விஷயம். புதிய வடிகான் தேவையில்லை. ஒரு மதகையும் கொஞ்சத் தூரம் கானையும் துப்புரவாக்கினால் தண்ணீர் வடியும். வீட்டுக்குப் போய் அந்தத் தூரத்தைக் காலடியால் அளந்து வரச் சொன்னேன். மறுநாள் வந்தார். கடிதம் கிட்டத்தட்ட இப்படி அமைந்தது:

'விடயம்: … ஒழுங்கையில் மதகு அடைபட்டு மழைநீர் வளவுகளுக்குள் புகுதல்.

மேற்படி ஒழுங்கையில் பிரதான வீதியிலிருந்து உள்ளே வரும்போது இடது பக்கம் நான்காவது வளவின் முன்னால் உள்ள மதகு மண்ணாலும் குப்பையாலும் அடைபட்டுள்ளது. அடையாளம்: எதிரே பிள்ளையார் கோயிலின் பின்மதில், அதன் மூலையில் மின்கம்பம். மதகுக்கு மேற்குப் பக்கமாகச் சுமார் 30 மீற்றர் வடிகானும் மண் நிறைந்துள்ளது. மழை பெய்தால் நீர் வாவிப் பக்கம் வடியாமல் ஆறு வளவுகளுக்குள் வருகிறது. மதகையும் மேற்படி 30 மீற்றர் வடிகானையும் துப்புரவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கீழே உள்ள இலக்கத்துக்கு அழைத்தால் வந்து இடத்தைக் காட்டுவோம்.'

ஒன்றரைப் பக்கம் அரைப் பக்கமாகிவிட்டது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் இதை வாசித்தாலே எத்தனை தொழிலாளர் வேண்டும், டிராக்டர் உள்ளே போகுமா என்று அவருக்குப் பிடிபடும்.

ஒரு கடிதத்தில் ஒரு பிரச்சினை மட்டும் எழுதுங்கள். வடிகான், விளக்கு, குப்பை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று பகுதிகளுக்கும் சுற்றும், ஒருவர் செய்ததும் மற்ற இரண்டும் மறைந்துபோகும். மூன்று தாள் அடிக்க ஆகும் செலவு பெரிதல்ல. தெருவிளக்குக்கு எழுதினால், கம்பத்தில் இலக்கம் எழுதப்பட்டிருந்தால் அதைக் குறித்து வாருங்கள். விளக்கு முற்றாக எரியவில்லையா, விட்டு விட்டு எரிகிறதா, பகலிலும் எரிகிறதா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

அயலவர் மதில் கட்டித் தண்ணீரை மறித்துவிட்டார் என்று பெயர் போட்டு எழுதச் சொல்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்று சொல்வேன். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் எழுதினால், வந்து பார்க்கிற உத்தியோகத்தரின் கண்ணுக்கு மதில் தெரியாமல் போகாது. அதற்கு மேல் நடவடிக்கை எடுப்பது சபையின் கடமை. உங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் வரக்கூடிய பகை சபையோடு போய்விடும். மொட்டைக் கடிதமும் எழுத வேண்டாம். இடத்தைக் காட்டக் கூப்பிட ஆள் இல்லாத கடிதத்தோடு யார் வருவார்?

படம் எடுத்தால் அந்தக் குழியை மட்டும் கிட்டப் பிடித்து எடுக்காதீர்கள், எல்லா ஊரிலும் குழி ஒரே மாதிரித்தான் இருக்கும். கோயில் மதிலோ கடைப் பெயர்ப்பலகையோ தெரிய, கொஞ்சம் தள்ளி நின்று ஒன்று எடுங்கள். மழை நேரத்தில் ஒன்றும் காய்ந்த நேரத்தில் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. அச்சடித்துத் திகதி எழுதி இணையுங்கள்.

கையொப்பம் என்றால், ஊர் முழுக்கத் திரட்டத் தேவையில்லை. தண்ணீர் ஏறுகிற ஆறு வீட்டுக்காரரும் பெயரும் வீட்டிலக்கமும் போட்டு ஒப்பமிட்டால், அதற்கு இருக்கிற பலம் வேறு. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ இருந்தால் அவர்களின் கடிதத்தலைப்பில் ஒரு துணைக் கடிதம் வாங்கலாம்.

யாருக்கு, எப்போது

மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு எழுதி, பிரதியை மாநகர முதல்வருக்குப் போடுங்கள். நகர சபை, பிரதேச சபை என்றால் செயலாளருக்கு எழுதி, பிரதி தவிசாளருக்கு. இன்னொரு பிரதி உங்கள் வட்டார உறுப்பினருக்கு. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை உறுப்பினர்களே இருக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் ஆணையாளர்களும் செயலாளர்களும்தான் வேலையைக் கொண்டு போனார்கள். நிர்வாகத்தின் பெயருக்கு எழுதப்பட்ட கடிதம் யார் வந்தாலும் போனாலும் கோவையில் நிற்கும். உறுப்பினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது அவருடைய போனோடு போய்விடும். அதற்காக உறுப்பினரை விட்டுவிடச் சொல்லவில்லை. மாதாந்த அமர்வில் எழுந்து பேசக்கூடியவர், பிரேரணை கொண்டுவரக்கூடியவர் அவர்தான். அமர்வைப் பொதுமக்களும் போய் இருந்து பார்க்கலாம். உங்கள் ஒழுங்கையின் பெயர் அங்கே சொல்லப்படுகிறதா என்று ஒருமுறையாவது போய்க் கேளுங்கள்.

காலம் மிக முக்கியம். நம் பக்கத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டும். வாவி நிரம்பி மட்டம் ஏறிவிட்டால் துப்புரவான கானிலும் தண்ணீர் வடியாது. அப்போது வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றி மாவட்ட மட்டத்தில் பேச வேண்டி வரும், அது தனிச் சபையின் கையில் இல்லை. ஆகவே கான் துப்புரவுக் கடிதத்தை ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். கொங்கிறீட் வீதி, புது வடிகான் மாதிரிப் பெரிய வேலை என்றாலும் அதே காலம்தான். அடுத்த வருடப் பாதீடு, அதாவது வரவு செலவுத் திட்டம், வருடக் கடைசியில் சபைக்கு வரும், அதற்குள் உங்கள் வேலை மதிப்பீட்டில் ஏறியிருக்க வேண்டும். பாதீட்டில் இல்லாத வீதியை மாசியில் போய்க் கேட்டால் 'நிதி இல்லை' என்பது உண்மையான பதிலாகத்தான் இருக்கும்.

இதோடு சோலை வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழு வருட வரியையும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும். முறைப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் பற்றுச்சீட்டில் உள்ள உங்கள் ஆதன இலக்கத்தைக் கடிதத்தில் போட்டால் வீடு இலகுவாகப் பிடிபடும்.

கொடுத்த பிறகு

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். ஒன்றை முன்னலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் பதிவு இலக்கமும் வாங்குங்கள். முத்திரை குத்தச் சொல்லிக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை. போக முடியாதவர்கள் பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

இரண்டு கிழமை பொறுத்து அந்த இலக்கத்தோடு போங்கள். "எங்கட கடிதம் என்னாச்சு?" என்று கேட்டால் "பார்க்கிறோம்" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். "இந்த இலக்கக் கடிதம் இப்ப எந்தப் பகுதியில, யாருடைய மேசையில இருக்கு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டுக்கொண்டு நேரே அந்த மேசைக்குப் போகலாம்.

தொழிலாளர்கள் வருகிற நாளில் கானின் மேல் வைத்திருக்கிற பூச்சாடி, பலகை எல்லாவற்றையும் முதலே எடுத்து வையுங்கள். போத்தல் ஓடு கிடக்கிற இடத்தைக் காட்டுங்கள். நம்முடைய அழுக்குக்குள் இறங்கி நிற்கிற மனிதர்கள் அவர்கள். குடிக்கத் தேத்தண்ணீரும் கை கழுவச் சவர்க்காரமும் கொடுப்பது நம் கடமை என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு மாதமாகியும் எழுத்தில் எந்தப் பதிலும் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்காமல், பத்திரத்தில் இருக்கக்கூடியதைக் கேளுங்கள்: இந்த இலக்கக் கடிதத்தின் மீது இடப்பட்ட குறிப்புகளின் பிரதி, களப் பார்வை நடந்த திகதி, மதிப்பீடு தயாரித்திருந்தால் அதன் பிரதி. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தாலோ பேசாமல் விட்டாலோ அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. கோவையைப் பிரதி எடுக்க வெளியே எடுக்கும்போதே கிடப்பில் கிடந்த வேலை அசைவதும் உண்டு. வேலை நடக்காததைப் பற்றியே முறையிடுவதென்றால் மாவட்டத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு, இதுவரை கொடுத்த கடிதங்களின் முத்திரையிட்ட பிரதிகளோடு எழுதுங்கள்.

வேலை முடிந்தால் முதல் மழையில் போய்ப் பாருங்கள். வடிகிறதா, எங்கேயாவது மிச்சம் நிற்கிறதா என்று பார்த்து, அதே பதிவு இலக்கத்தைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: எந்தத் திகதியில் எது முடிந்தது, எது மீதி. அந்தப் பிரதியையும் பழைய கடிதங்களோடு ஒரே உறைக்குள் போட்டுச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து வைத்தால், அடுத்த ஆவணியில் கடிதம் எழுதப்போகிறவர் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.