மரம் இருக்கிறது, மண் எங்கே? சென்னைத் தெருக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருமுனையில் ஒரு பூவரச மரம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நடைபாதையைப் புதுப்பித்தபோது அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட்டு, மேலே டைல்ஸ் பதித்துவிட்டார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது ஐப்பசி மழைக்கு முதலில் தண்ணீர் தேங்குவது அந்த மரத்தடியில்தான். சித்திரை வெயிலுக்கு முதலில் வாடுவதும் அதே மரம்தான்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை.

மரம் நட்டால் வெள்ளம் குறையும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை. தூறலை இலைகள் தாங்கிக்கொள்ளும். ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சிறிது நேரத்திலேயே இலையும் கிளையும் நனைந்து முடிந்துவிடும். அதற்கு மேல் வருவதை எல்லாம் மண்தான் வாங்க வேண்டும். வேர் மண்ணைப் பிளந்து வழி செய்கிறது. பழைய வேர் மட்கினால் அந்த இடம் குழாய் போலாகி நீரைக் கீழே அனுப்புகிறது. மண்ணை மூடிவிட்டு மரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நமக்கு மிஞ்சுவது நிழல்தான், அதுவும் மரம் உயிரோடு இருக்கும் வரை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மி.மீ. பெய்தால் ஒரு கிரவுண்டில் மட்டும் 22,300 லிட்டர் விழுகிறது. கிட்டத்தட்ட இரண்டு தண்ணீர் லாரி! 2015 டிசம்பரில் இந்த நீரில் மூழ்கினோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்றோம்.

சரி, சிமென்டுக்கு வருவோம். மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மீட்டராவது மண் திறந்திருக்க வேண்டும். டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் சொன்ன அளவும் இதுதான். இன்டர்லாக் கல் பதித்தால் தண்ணீர் இறங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அடியில் கான்கிரீட் போட்டுவிட்டு மேலே எந்தக் கல்லைப் பதித்தாலும் பலனில்லை. வண்டி நிறுத்தி நிறுத்தி இறுகிப்போன மண்ணும் சிமென்டுக்குத் தம்பிதான். அதில் நீரும் போகாது, வேருக்குக் காற்றும் கிடைக்காது.

இதைவிட மோசம், மரத்தைச் சுற்றி உட்கார மேடை கட்டி உள்ளே மண்ணைக் கொட்டுவது. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் அடிமரத்தின் பட்டை மண்ணுக்குள் புதைந்தால் அழுகத் தொடங்கும். தெருவில் ஓடும் நீரும் மேடை ஏறி மரத்திடம் போகாது. மரத்தடி மண் நடைபாதையைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக இருப்பதுதான் சரி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போடும் வழக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. வீட்டு வாசல் பள்ளமாகிறது, மரத்தின் கழுத்து புதைகிறது.

நடும் காலத்திலும் தவறுகிறோம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்பதால் அன்றைக்கு நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். கத்திரி முடிந்தாலும் சென்னையில் அப்போது வெயில் தணிவதில்லை, நம் பெருமழை அக்டோபரில்தான் தொடங்கும். தினமும் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றால் ஆவணி, புரட்டாசி வரை பொறுத்திருங்கள். நடும்போது கறுப்புப் பாலித்தீன் பையை முழுதாகக் கிழித்து எடுங்கள். கட்டட இடிபாட்டில் குழி தோண்டி ஒரு கூடை செம்மண் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கூடை மண்ணைத் தாண்டி வேர் எங்கே போகும்? கம்பிக் கூண்டைக் கழற்ற மறந்துவிட்டால் சில வருடங்களில் அதுவே மரத்தின் கழுத்தை நெரிக்கும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பழி முழுவதும் வெளிநாட்டு மரங்கள் மேல் விழுந்தது. புங்கை, புன்னை, நாவல், மகிழம் என்று நம் மண்ணுக்குப் பழகிய மரங்களை நடுவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டிவிட்டு, கரன்ட் கம்பிக்காக மறுபக்கக் கிளையை மொட்டையடித்தால் எந்த நாட்டு மரம் நிற்கும்?

அப்புறம், இலைச் சருகைக் கூட்டிக் கொளுத்துவது. வேண்டாம். அடிமரத்தில் ஒட்டாமல் மரத்தடியிலேயே பரப்பிவிடுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமானது. இன்று பல வீடுகளில் உடைந்த ஒரு குழாய்தான் அதன் சாட்சி. மழைநீரை வடிகட்டும் தொட்டியின் கூழாங்கல்லில் சேறு அடைத்தால் அது வேலை செய்யாது, எனவே செப்டம்பரிலேயே எடுத்துக் கழுவ வேண்டும். மாடியைக் கழுவி வரும் முதல் மழை நீரை வெளியே விட்டுவிடுங்கள். எண்ணெயும் சாக்கடையும் கலந்த தெருத் தண்ணீரை நேரே கிணற்றில் இறக்காதீர்கள். கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலில் கலக்கிறது. நீங்கள் விடுவதும் அதே வழியில்தான் போகும்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்க எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் குழி வெட்டுவதும் தவறுதான். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் ஆழமில்லாத குழியே போதும். களிமண் பகுதியில் அதே குழி கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, நீர் நிரப்பிப் பாருங்கள். எங்கள் பின்கட்டில் மாலையில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் பாதி நின்றது. பத்தடி போதும் என்ற குழி வெட்டுபவரிடம் கெஞ்சி இன்னும் கீழே போகச் சொன்னோம். பதினெட்டு அடியில்தான் மணல் தட்டுப்பட்டது.