இயக்க ஆற்றல் கணக்கில் மதிப்பெண் பறிபோகிற இடங்கள்

சூத்திரம் மறப்பது, கூட்டலில் பிசகுவது எல்லாம் யாருக்கும் வரும், விடுங்கள். சூத்திரம் (நிறையில் பாதி × வேகத்தின் வர்க்கம்) மனப்பாடமாகத் தெரிந்தும் பிளஸ் ஒன் பிள்ளைகள் வருஷா வருஷம் விழுகிற குழிகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வேகத்தைக் கழித்துவிட்டு வர்க்கம் எடுப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 1000 கிலோ கார், வேகம் நொடிக்கு 10 மீட்டரிலிருந்து 20 மீட்டராகிறது, செய்யப்பட்ட வேலை எவ்வளவு? 20-இல் 10 போனால் 10, அதன் வர்க்கம் 100, நிறையில் பாதியால் பெருக்கினால் 50,000 ஜூல் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். சரியான விடை 1,50,000. செய்யப்பட்ட வேலை என்பது இயக்க ஆற்றலில் வந்த மாற்றம், அதனால் முடிவில் உள்ள 2,00,000-இலிருந்து தொடக்கத்தில் இருந்த 50,000-ஐக் கழிக்க வேண்டும். வர்க்கம் முதலில், கழித்தல் அப்புறம்.

ஓய்விலிருந்து கிளம்பும் கணக்குகளில் எப்படிப் போட்டாலும் ஒரே விடை வந்துவிடுவதால் இந்தத் தப்பு மாசக்கணக்கில் பிடிபடாமலே வளர்கிறது. நீட் மாதிரித் தேர்வில் அந்த 50,000-ஐயும் ஒரு விடையாக வைத்திருப்பார்கள். 4 மதிப்பெண் போவதோடு இன்னொன்றும் கழியும்.

"எங்கேருந்து கிளம்பினாலும் பத்துதானே சார் கூடுது?" என்று ஒரு பையன் மல்லுக்கு நின்றான். நியாயமான கேள்விதான். தூரத்தைக் கணக்கிடச் சொன்னேன். தொகுபயன் விசை (எல்லா விசைகளும் சேர்ந்த நிகர விசை) 2000 நியூட்டன் என்றால், ஒவ்வொரு பத்துக்கும் 5 நொடிதான் ஆகிறது, ஆனால் முதல் 5 நொடியில் கார் 25 மீட்டர் போகிறது, அடுத்த 5 நொடியில் 75 மீட்டர். விசை அதேதான், தூரம் மூன்று மடங்கு, அப்படியென்றால் வேலையும் மூன்று மடங்கு. 20-இலிருந்து 30-க்கு 125 மீட்டர், 2,50,000 ஜூல். 30-இலிருந்து 40-க்கு அவனே போட்டுப் பார்த்துக்கொண்டான்.

மணிக்குக் கிலோமீட்டர்

நொடிக்கு மீட்டராக மாற்ற முதலில் 3.6-ஆல் வகுங்கள். மறந்தால் விடை சுமார் 13 மடங்கு பெருத்துவிடும்.

பிரேக் செய்யும் வேலை

விசை ஓட்டத்துக்கு எதிராக இருப்பதால் எதிர்க்குறி.

சீரான வேகத்தில் ஓடும் பேருந்து

இன்ஜின் வேலை செய்கிறதே, இயக்க ஆற்றல் ஏன் கூடவில்லை என்று குழம்புவார்கள். சமதளச் சாலையில் காற்றுத் தடையும் உராய்வும் அதே அளவு எதிர்வேலை செய்துவிடுகின்றன. வேலை-ஆற்றல் தேற்றத்தில் இயக்க ஆற்றல் மாற்றத்துக்குச் சமமாக வருவது மொத்த வேலை, இன்ஜின் செய்வது மட்டும் இல்லை.

"நிறையே கொடுக்கலையே சார்!"

சக்கரம் பூட்டி வண்டி சறுக்கி நிற்கிறது, உராய்வுக் குணகம் கொடுத்துச் சறுக்கிய தூரம் கேட்கிறார்கள் என்றால் நிறை சமன்பாட்டின் இரண்டு பக்கமும் அடிபட்டுவிடும். பிரேக் விசை இத்தனை நியூட்டன் என்று நேரடியாகக் கொடுத்தால்தான் நிறையைத் தேட வேண்டும்.