இத்தாலியில் கால்பந்து மேட்ச்: டிக்கெட் எடுக்கும் முன்பே தொடங்கும் தவறுகள்

ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் என்று திட்டம் போட்டு இத்தாலிக்குக் கிளம்புகிறவர்களில் பலருக்கு, அப்படியே ஒரு கால்பந்து மேட்சும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் அரங்க வாசல்வரை போய்விட்டு உள்ளே நுழைய முடியாமல் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். சாய்ந்த கோபுரத்தைப் போல, காசு கொடுத்தால் யாரும் எப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. மேட்ச் என்பது அந்த ஊர்க்காரர்களின் சொந்தத் திருவிழா. ரசிகரை அங்கே ‘திஃபோசோ’ என்கிறார்கள். ‘திஃபோ’ என்றால் டைபஸ் காய்ச்சல். காய்ச்சல் கண்ட வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துகொண்டு போனால் அருமையாக இருக்கும்.

முதலில் பெயர். நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். இத்தாலியின் பெரிய லீக்குகளில் டிக்கெட்டில் பார்ப்பவரின் பெயரும் பிறந்த தேதியும் பதிவாகும். பிறந்த ஊரையும் பெரும்பாலும் கேட்பார்கள். வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள். அரங்க வன்முறையை அடக்க 2000-களின் நடுவில் வந்த விதிகள் இவை. 2007 பிப்ரவரியில் சிசிலித் தீவின் கத்தானியா நகரில் மேட்சின்போது நடந்த கலவரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி இறந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது.

இப்போது நம் பெயர்களை நினைத்துப் பாருங்கள். வழக்கத்தில் ஒற்றை எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். சிலருக்குக் குடும்பப்பெயர் என்ற கட்டமே காலி. பழக்க தோஷத்தில் இனிஷியலை மட்டும் அடித்து டிக்கெட் வாங்கிவிட்டால், வாசலில் நிற்கிற பணியாளருக்கு அது வேறு ஆளின் டிக்கெட்தான். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். ‘நோமே’ என்றால் பெயர், ‘கொன்யோமே’ என்றால் குடும்பப்பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லை, படிவமோ காலியாக விட ஒத்துக்கொள்ளவில்லை. விமான டிக்கெட்டில் செய்ததைப் போல என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். வாசலில் இருந்தவர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். அப்புறம் பிறந்த தேதியையும் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார். பாஸ்போர்ட்டை ஓட்டல் பெட்டகத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, போனில் இருக்கும் படத்தைக் காட்டிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். கைக்குழந்தையானாலும் அதன் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

அரங்கத்துக்கு வெளியே கைமாற்றாக விற்கிறவர்களிடம் ஏன் வாங்கக் கூடாது என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. அதில் இருப்பது வேறு யாருடைய பெயரோ. பெயர் மாற்றம் செய்ய முறையான வழி உண்டு. ஆனால் எல்லா மேட்சுக்கும் கிடையாது, தெருவில் நின்று செய்கிற காரியமும் அல்ல. கிளப்பின் சொந்தத் தளத்திலோ அது குறிப்பிடும் விற்பனைத் தளத்திலோ வாங்குங்கள்.

அடுத்தது தேதி. இத்தாலியின் முதல் நிலை லீக்கான சீரி ஏ-யில் 20 அணிகள், 38 சுற்றுகள். ஆகஸ்ட் பிற்பாதியில் தொடங்கி மே கடைசியில் முடியும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில், அதுவும் மே முதல் பாதியில் போனால் கடைசிச் சில சுற்றுகள் கிடைக்கும். ஜூன், ஜூலை என்றால் லீக்கில் ஒன்றும் இல்லை. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் இடையில் நிற்கும். அந்த வாரமாகப் பார்த்துப் போய்விட்டு அரங்கத்தின் பூட்டிய கதவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வருவது வேதனை. இன்னொன்று: கோடையில் வெளியாகும் அட்டவணையில் எந்த வார இறுதி என்பதுதான் உறுதி. வெள்ளியா, சனியா, ஞாயிறா, திங்களா, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பிறகுதான் வரும். ஞாயிறு மேட்ச் என்று நம்பி, திங்கள் காலை பணம் திரும்பாத ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டால், அந்த மேட்சே திங்கள் இரவுக்கு மாறிப்போகலாம். நேரம் அறிவித்த பிறகு ரயிலை முடிவு செய்யுங்கள், அல்லது அந்த ஊரிலேயே இரண்டு இரவு கூடுதலாகத் தங்குங்கள்.

எங்கே உட்காருவது? விலை குறைவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ‘கூர்வா’ டிக்கெட் எடுப்பதும் பலர் செய்வது. கோல் கம்பங்களுக்குப் பின்னால் வளைந்திருக்கும் பகுதி அது. தீவிர ரசிகர்களான அல்ட்ராக்களின் இடம். ரோமில் தெற்குக் கூர்வா ரோமா அணிக்கு, வடக்குக் கூர்வா லாத்சியோ அணிக்கு. மிலானின் சான் சீரோ அரங்கத்தில் தெற்கு ஏசி மிலானுக்கு, வடக்கு இன்டருக்கு. ஒரே அரங்கம், இரண்டு குடும்பம். கூர்வாவின் நடுப்பகுதியில் டிக்கெட்டில் இருக்கும் இருக்கை எண்ணுக்கு மதிப்பில்லை. ‘இது என் சீட்’ என்று போய் நிற்காதீர்கள். தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டு பாட வேண்டும். முன்னால் ஒருவர் மெகாபோனுடன் தடுப்புக் கம்பியின்மேல் ஏறி நிற்பார். அவர் முகம் கூட்டத்தைப் பார்த்திருக்கும், முதுகு மைதானத்தைப் பார்த்திருக்கும். மேட்ச் முழுக்க ஆட்டத்தைப் பார்க்காமல் பாட்டை நடத்துகிற மனிதர் அவர். அவரையோ பக்கத்தில் இருப்பவர்களையோ போனில் படம் பிடிக்காதீர்கள். அங்கே அது கடுமையான அவமதிப்பு. அந்தப் பாட்டும் கொடியும் புகையும் எதிரே இருந்து பார்க்கத்தான் அழகு. அதனால் முதல் தடவை போகிறவர்களுக்கு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, நான் சொல்வது மைதானத்தின் பக்கவாட்டு ‘திரிபூனா’தான். விலை கூடுதல், ஆனால் இரண்டு கூர்வாவும் கண்ணில் படும்.

‘ஓஸ்பித்தி’ என்று போட்ட டிக்கெட் மலிவாகத் தெரிந்தால் தொடாதீர்கள். ‘விருந்தினர்’ என்று பொருள்தான், ஆனால் அது வெளியூர் அணி ரசிகர்களின் பகுதி. தனி வாசல், சுற்றிலும் தடுப்பு. பல மேட்சுகளில் கிளப் தரும் ரசிகர் அட்டை இல்லாமல் அங்கே டிக்கெட்டே தர மாட்டார்கள்.

உடை விஷயம். ரொனால்டோ யுவென்டஸில் ஆடிய 2018–2021 காலத்தில் நம் ஊர்க் கடைகளில் அந்தக் கறுப்பு வெள்ளை 7-ஆம் எண் பனியன் எக்கச்சக்கமாக விற்றது. அதை நேப்பிள்ஸில் மரடோனா அரங்கத்துக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தெற்கே இருக்கும் நேப்பிள்ஸ்காரர்களுக்கு, வடக்கே டூரின் நகரத்து அணியான யுவென்டஸ் என்றால் விளையாட்டுப் பகையைவிடப் பெரிது. வடக்கு தெற்கு என்ற பழைய வலியெல்லாம் அதில் இருக்கிறது. எந்த நிறம் யாருக்கு என்று தெரியாவிட்டால் பொதுவான நிறத்தில் போங்கள். வாசலில் உள்ளூர் அணியின் துண்டு ஒன்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டால் பக்கத்து சீட்டுக்காரர் தானாகவே பேச வருவார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தாலிய அரங்கங்களில் நிறவெறிக் கூச்சல் இன்னும் ஒழியவில்லை. 2024 ஜனவரியில் ஊதினே நகரில், ஏசி மிலான் கோல்கீப்பர் மைக் மெய்ன்யான் அந்தக் கூச்சல் தாங்காமல் மைதானத்தை விட்டு வெளியேறினார். ஆட்டம் சிறிது நேரம் நின்றது. நம் தோல் நிறம் உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பயந்துகொண்டு மேட்சுக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் யாராவது உங்களைப் பார்த்து வாயை விட்டால் பதில் பேசாமல் மஞ்சள் அங்கி போட்ட பணியாளரிடம் போய்ச் சொல்லுங்கள், இடம் மாற்றித் தரக் கேளுங்கள்.

பெரிய பையோடு போகாதீர்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியை வாசலிலேயே கழற்றி எடுத்துவிடுவார்கள், எறிந்தால் காயம் படும் என்பதற்காக. பவர் பேங்க், குடை, பெரிய கேமரா போன்றவற்றுக்குக் கிளப்புக்குக் கிளப் விதி மாறும். முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைசி நிமிடத்தில் போவது இன்னொரு தவறு. ரோமின் ஒலிம்பிக் அரங்கத்துக்கு வாசல்வரை மெட்ரோ கிடையாது. ஃபிளாமினியோ மெட்ரோ நிலையத்தில் இறங்கி 2-ஆம் எண் டிராம் பிடித்து, மான்சினி சதுக்கத்தில் இறங்கி, டைபர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடக்க வேண்டும். அரங்கத்தை நெருங்கினாலும் முதலில் ஒரு சோதனை, அப்புறம் சுழல் கதவில் இன்னொரு சோதனை. ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். உள்ளே அணியின் பெயர்ப் பட்டியல் வாசிப்பது தனி அழகு: அறிவிப்பாளர் வீரரின் முதல் பெயரை மட்டும் சொல்வார், குடும்பப்பெயரை மொத்த அரங்கமும் சேர்ந்து கத்தும். தாமதமாகப் போனால் இது போச்சு. இரவு 8:45 மேட்ச் முடிய மணி பத்தே முக்கால் ஆகும். சான் சீரோவில் மெட்ரோ வாசலில் கூட்டத்தைத் தேக்கித் தேக்கித்தான் விடுவார்கள். சற்று நடந்து லோட்டோ நிலையத்தில் ஏறினால் நிம்மதி.

இவ்வளவு கெடுபிடியும் பெரிய அணிகளின் மேட்சுக்குத்தான் அதிகம். இன்டரும் யுவென்டஸும்தான் இத்தாலிய கால்பந்து என்று நினைத்துச் மற்ற ஊர்களை விட்டுவிடுவதை நான் பெரிய இழப்பாகவே பார்க்கிறேன். வெனிஸில் சாந்தெலேனா தீவில் 1913-இல் திறந்த அரங்கத்துக்குப் படகில் போகலாம். எனக்கு மிகவும் பிடித்தது சிசிலித் தீவின் பலெர்மோ. இளஞ்சிவப்பும் கறுப்பும் அணியின் நிறம், அண்மை ஆண்டுகளில் இரண்டாம் நிலை லீக்கான சீரி பி-யில் ஆடி வந்தது. இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் அது. நகரின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு பெல்லெக்ரீனோ மலையில் ஏறிப் போகிறவர்களில் அவர்களும் உண்டு. ரென்சோ பார்பெரா அரங்கம் அந்த மலையின் அடிவாரத்தில்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் அங்கே கவலை இல்லை: கடலை மாவைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருகிற ‘பனெல்லே’ ஊரெங்கும் கிடைக்கும், ஏறக்குறைய நம் பஜ்ஜி. சூடாக இரண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள்.